திருப்பிச் சொன்னது சரி

சக்கரம் தரையைத் தொட்டதும் வேலை முடிந்துவிட்டது என்று பின்னால் உட்கார்ந்திருக்கும் நூற்று எழுபது பேரும் நினைத்திருப்பார்கள், பெல்ட்டைக் கழற்றும் சத்தம் மூடிய கதவைத் தாண்டி எனக்குக் கேட்டதுபோல் இருந்தது, கேட்டிருக்காது, விடிவதற்கு வெகு நேரம் முன்பே எழுப்பிவிடப்பட்ட காது அப்படித்தான் இல்லாததை எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும். மணி ஏழு பத்து. ஓடுபாதையிலிருந்து வலது பக்கம் விலகி வெளியே வந்து, வேகத்தைக் குறைத்துக் குறைத்து, காலை நடைக்குப் போகிற ஒரு வயதான மனிதரின் வேகத்துக்குக் கொண்டுவந்திருந்தேன். இடது கைக்குக் கீழே ஒரு சின்னச் சக்கரம் இருக்கிறது, தரையில் விமானத்தைத் திருப்புவது அதுதான், அது என் பக்கம் மட்டுமே உண்டு, பக்கத்தில் இருக்கும் துணை விமானிக்குக் கிடையாது, அதனால் தரையில் இருக்கும்வரை விமானம் எங்கே திரும்பினாலும் என் கை திரும்பியது என்றுதான் அர்த்தம். கண்ணாடிக்கு வெளியே பனிமூட்டம். நாங்கள் போகவேண்டிய ஊர் வேறு. அந்த ஊர் மூட்டத்தில் மூடிக்கொண்டது, வானத்தில் ஐம்பது நிமிடம் சுற்றவைத்துவிட்டு இங்கே போ என்றார்கள், இங்கே இறங்கும்போது தரை தெரிந்தது, இறங்கிய பிறகு அந்த மூட்டம் எங்களைத் தேடிக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டதுபோல் இங்கேயும் கூடிவிட்டது. முப்பத்துநான்கு வருடத்தில் இந்த நிலையத்துக்கு மேலே எத்தனை தடவை பறந்திருப்பேன், இறங்கியது கிடையாது. மேலிருந்து பார்த்தால் இரண்டு சாம்பல் நிறக் குச்சிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததுபோல் இரண்டு ஓடுபாதைகள், நடுவில் நகத்தால் கீறினாற்போல் சில கோடுகள், அந்தப் பக்கம் கட்டடம். தெற்குக் குச்சியில் இறங்குகிறார்கள், வடக்குக் குச்சியிலிருந்து கிளம்புகிறார்கள். இறங்கியவன் கட்டடத்துக்குப் போகவேண்டுமானால் கிளம்புகிறவனின் பாதையைக் குறுக்கே கடக்கவேண்டும், கடப்பதற்கு முன்னால் நிற்கவேண்டும், போ என்று சொன்ன பிறகுதான் போகவேண்டும். மேலிருந்து பார்க்கும்போது இதில் ஒரு சிரமமும் இல்லை.

எக்கோவில் மேற்கே போ, கிலோவில் வலது பக்கம் திரும்பு, வடக்கு ஓடுபாதைக்கு முன்னால் நில், என்றான் தரைக் கட்டுப்பாட்டில் இருந்தவன். உள்ளே இருக்கும் பாதைகளுக்கு ஆங்கில எழுத்துகள்தான் பெயர், எழுத்தைச் சும்மா சொன்னால் காதில் மாறி விழும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள், ஈ-க்கு எக்கோ, கே-க்கு கிலோ. துணை விமானி ரோஸ்லின் வானொலியில் அதை ஒரு எழுத்துப் பிசகாமல் திருப்பிச் சொன்னாள். எக்கோவில் மேற்கே, கிலோவில் வலது, வடக்கு ஓடுபாதைக்கு முன் நிற்கிறோம். திருப்பிச் சொன்னது சரி, என்றான் அவன். அவ்வளவுதான், எல்லோருக்கும் திருப்தி. இந்தத் தொழிலின் வழக்கம் அது. அவன் சொல்வான், நாம் சொன்னதையே சொல்வோம், அவன் சரி என்பான். சொன்னவனுக்கும் சொல்லப்பட்டவனுக்கும் நடுவில் அதைப் புரிந்துகொண்டவன் என்று ஒருவன் இருக்கவேண்டிய இடம் ஒன்று உண்டு, அந்த இடம் காலியாக இருந்தாலும் வழக்கம் பாட்டுக்கு நடக்கும். முப்பத்துநான்கு வருடம் திருப்பிச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் தனியாகவும் மூளை தனியாகவும் வேலை செய்யப் பழகிவிட்டது. மங்கை அதைக் கல்யாணமான முதல் வருடமே கண்டுபிடித்தாள். கடைக்குக் கிளம்பும்போது புளி, கொத்தமல்லி, வெள்ளை உளுந்து அரைக் கிலோ என்பாள், புளி, கொத்தமல்லி, வெள்ளை உளுந்து அரைக் கிலோ என்பேன், உளுந்து இல்லாமல் வந்து நிற்பேன். "திருப்பிச் சொல்றதுல ஒண்ணும் குறைச்சல் இல்ல. கிளியை அனுப்பியிருந்தா அதுவாவது ரெண்டைத் தூக்கிட்டு வந்திருக்கும்" என்பாள். அவள் போய் மூன்று வருடம் ஆகிறது. இப்போது கடைக்குப் போகும்போது நானே சொல்லிக்கொள்கிறேன், திருப்பிச் சொல்ல ஆள் இல்லை, ஒன்றும் மறப்பதில்லை.

கண் எரிந்தது. இமைக்குள் உப்பு இருப்பதுபோல். ரோஸ்லினுக்கும் எரிந்திருக்கும், ஆனால் அவள் தூத்துக்குடிக்காரி, உப்பு பழகியவள் என்று இறங்குவதற்கு முன்னால் அவளே சொல்லிச் சிரித்திருந்தாள். வயது நாற்பத்தொன்று. விமான நிலையத்தில் சாமான் எடை போடும் மேசையில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு, அதற்கப்புறம் பறக்கக் கற்றுக்கொண்டு வந்தவள். அடுத்த மாதம் அவளுக்குக் கேப்டன் பரீட்சை. மடியில் வரைபடத்தை வைத்துக்கொண்டு, விரல் நுனியை எக்கோவின்மேல் நகர்த்திக்கொண்டே வந்தாள். வெளியே பாதையோரத்தில் பலகைகள் வந்தன, ஆனால் அவற்றின் முகத்தைக் கோணியால் போர்த்திக் கட்டியிருந்தார்கள். இந்த நிலையத்தில் பாதைகளுக்குப் புதிதாகப் பெயர் மாற்றுகிறார்கள், வேலை முடியும்வரை சில பலகைகள் மூடியிருக்கும் என்று காலையில் கொடுத்த அறிவிப்புகளில் ஒரு வரி இருந்தது. நாற்பது பக்க அறிவிப்பில் ஒரு வரி, அதுவும் போகாத ஊருக்கு. படித்தேன். படித்ததாகத்தான் ஞாபகம். "என்ன சார் இது, பலகைக்கெல்லாம் சாக்கைப் போட்டு மூடியிருக்கான். குளிருதுன்னா?" என்றாள் ரோஸ்லின். நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருந்தபோது வலது பக்கம் ஒரு பாதை பிரிந்தது, மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு மஞ்சள் கோடு வளைந்து வந்து எங்கள் கோட்டோடு சேர்ந்தது, என் கை திரும்பியது. கையைத் திருப்பியது யார் என்று பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன். எங்கள் ஊர் நிலையத்தில் இப்படி வெளியே வந்தால் எண்ணி இரண்டாவது வலதில்தான் திரும்பவேண்டும், ஆயிரம் தடவை திரும்பிய கை, இது இரண்டாவது வலது, கை எண்ணிக்கொண்டு வந்திருக்கிறது, என்னைக் கேட்கவில்லை. "சார், இது கிலோதானா?" என்றாள் ரோஸ்லின். "ஆமா, கிலோதான்" என்றேன்.

அந்த ஆமாவை எதை வைத்துச் சொன்னேன். பலகை பார்க்கவில்லை. வரைபடம் பார்க்கவில்லை. கேள்வி வந்தது, பதில் போயிற்று. நான் நெய்வேலியில் வளர்ந்தவன், அங்கே குடியிருப்புப் பகுதிகளுக்கு வட்டம் என்று பெயர், ஒன்றாம் வட்டம் இரண்டாம் வட்டம் என்று, ஆனால் எல்லாம் சதுரம், தெருக்கள் கணக்கு நோட்டில் கட்டம் போட்டதுபோல் ஓடும், வீடுகள் எல்லாம் ஒரே வீடு. அங்கே வளர்ந்தவனுக்கு வழி தப்பாது, எந்தத் திருப்பத்தில் திரும்பினாலும் கடைசியில் ஒரே மாதிரி ஒரு வீட்டுக்குத்தான் வந்து சேர்வான் என்று மங்கை கிண்டல் செய்வாள். வழி தெரியும் என்பது ஒரு குணம் என்று நினைத்தே வளர்ந்தேன். அப்பாவுக்கும் அப்படித்தான். யாரிடமும் கேட்கமாட்டார். அப்பாவைப் பற்றி இப்போது என்ன. பாதை முன்னால் போகிறதே, அதைப் பார். பார்த்தேன். அறுபது அடி தெரிந்தது, அதற்கு மேல் பால். நடுக்கோடு மட்டும் எங்கள் மூக்குக்கு அடியில் போய் மறைந்துகொண்டே இருந்தது. ஜோஷி ஞாபகம் வந்தார். வரக்கூடாது என்று நினைத்தேன், அதனால் வந்தார்.

பதினொரு வருடம் முன்னால், வெளிநாட்டில் ஒரு நிலையம், மழை. ஜோஷி என் துணை விமானி, புனேக்காரர், அமைதியானவர், டிபனுக்கு வீட்டிலிருந்து சப்பாத்தி சுருட்டிக்கொண்டு வருவார், பாதியைக் கேட்காமலே என் பக்கம் நீட்டுவார். அன்றைக்கும் ஒரு பாதையில் திரும்பினேன். எனக்குச் சரியாகத் தெரியவில்லை கேப்டன், என்றார் அவர். எனக்குத் தெரியும், என்றேன். நிற்கவேண்டிய கோட்டை எங்கள் விமானத்தின் மூக்கு தாண்டிவிட்டது. மூக்கு மட்டும். ஒன்றும் நடக்கவில்லை, ஓடுபாதையில் யாரும் இல்லை. ஆனால் தாண்டினால் தாண்டியதுதான், விசாரணை வந்தது. ஒரு படிவம் கொடுத்தார்கள். வரைபடத்தைப் பார்த்து வழி சொல்லிக்கொண்டிருந்தது யார் என்று ஒரு கேள்வி இருந்தது. துணை விமானி என்று எழுதினேன். பொய் இல்லை. வரைபடம் அவர் மடியில்தான் இருந்தது. எனக்குத் தெரியவில்லை என்று அவர் சொன்னதை எழுத அந்தப் படிவத்தில் இடம் இல்லை, அல்லது இருந்தது, கீழே இருபது வரி காலியாக இருந்தது, நான் எழுதவில்லை. விமானி அறைக்குள் பேசியதைப் பதிவு செய்யும் கருவியில் அந்தப் பேச்சு அதற்குள் அழிந்து போயிருந்தது. ஜோஷிக்குக் கேப்டன் பதவி ஒன்றரை வருடம் தள்ளிப்போயிற்று. அவர் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த தடவை சேர்ந்து பறந்தபோதும் சப்பாத்தியில் பாதியை நீட்டினார், வாங்கிச் சாப்பிட்டேன். மங்கையிடம் மட்டும் சொன்னேன். "அவருக்கு ஒரு போன் போட்டுப் பேசிடுங்க" என்றாள். சரி என்றேன். ஒரு வாரம் கழித்து, "பேசினீங்களா?" என்றாள். பேசணும் என்றேன். அப்புறம் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள், அவள் ஒன்றைக் கேட்பதை நிறுத்திவிட்டாள் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

"சார், திசைகாட்டி முப்பது காட்டுது. கிலோன்னா நேர் வடக்கு, சைபர் காட்டணும்" என்றாள் ரோஸ்லின். குரலில் சிரிப்பு இல்லை. பார்த்தேன், முப்பது. வடக்கிலிருந்து கிழக்கே சாய்ந்து போய்க்கொண்டிருந்தோம். முப்பது பாகை என்பது சின்ன விஷயம் இல்லை, வாசலில் நிற்கிறவன் தெருவைப் பார்க்காமல் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பதுபோல. "கொஞ்சம் வளையும், அப்புறம் நேராகும்" என்றேன். வளையும் என்று யார் சொன்னது. வரைபடம் சொல்லவில்லை, அது அவள் மடியில் இருக்கிறது, அதில் கிலோ அடிமட்டம் வைத்து இழுத்ததுபோல் நேராக இருக்கிறது. "எங்க ஊர் உப்பு லாரிகூட இதைவிட நேரா போவும் சார்" என்றாள், மறுபடியும் கொஞ்சம் சிரிப்பை வரவழைத்துக்கொண்டு. என் மனம் நோகாமல் என்னை நிறுத்தப் பார்க்கிறாள் என்று புரிந்தது. புரிந்தும் விமானம் போய்க்கொண்டிருந்தது. காரில் போகும்போது மங்கைக்கும் எனக்கும் இதே சண்டைதான். தெரிந்த வழியாக இருந்தாலும் கண்ணாடியை இறக்கிவிட்டு டீக்கடையில் நிற்கிறவரிடம் கேட்பாள், அண்ணே திண்டிவனத்துக்கு இப்படித்தானே என்று. அவர் கையை நீட்டி ஒரு கதை சொல்வார், பக்கத்தில் நிற்கிறவர் அது கிடக்குதுங்க, இந்தப் பக்கம் போனா சீக்கிரம் என்பார், இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு வழக்கே நடக்கும், இவள் இரண்டு பேருக்கும் நன்றி சொல்லிவிட்டுக் கண்ணாடியை ஏற்றுவாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வரும். ஆகாயத்தில் வழி கண்டுபிடிக்கிறவன் டீக்கடையில் வழி கேட்பதா. "கேட்டா வாய் கிழிஞ்சிடுமா? அவங்களுக்கும் பேச ஒரு ஆள் கிடைச்ச மாதிரி இருக்குமில்ல" என்பாள். கேட்பது தெரியாததால் மட்டும் இல்லை என்பது அவளுடைய கட்சி. தெரியாததை ஒளித்துக்கொள்ளத்தான் நான் கேட்பதில்லை என்பதை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை.

ஆஸ்பத்திரியிலும் கேட்கவில்லை. அதை நினைக்கவேண்டாம். பெரிய ஆஸ்பத்திரி, மூன்று கட்டடங்களைப் பாலம் போட்டுச் சேர்த்திருந்தார்கள், தரையில் நிறநிறமாகக் கோடு. வரவேற்பில் இருந்த பெண் சொன்னாள், பச்சைக் கோட்டிலேயே போங்க, இரண்டாவது லிப்ட், நான்காவது மாடி, இடது பக்கம். பச்சைக் கோடு, இரண்டாவது லிப்ட், நான்காவது மாடி, இடது பக்கம் என்று திருப்பிச் சொன்னேன். ஆமாங்க சார் என்று தலையாட்டினாள். பச்சைக் கோடு ஒரு இடத்தில் இரண்டாகப் பிரிந்தது. ஏன் பிரியவேண்டும். பிரிந்த இடத்தில் ஒரு நர்ஸ் நின்றிருந்தாள், ஒரு தாத்தா சக்கர நாற்காலியில் இருந்தார், தரை துடைக்கும் அம்மா ஒருவர் இருந்தார், யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். நான் தெரிந்தவன்போல நடந்தேன். தெரிந்தவன்போல நடப்பது எப்படி என்று எனக்கு நன்றாகத் தெரியும், முதுகை நேராக வைத்துக்கொண்டு வேகத்தைக் குறைக்காமல் நடக்கவேண்டும். எக்ஸ்ரே அறை, ரத்தம் எடுக்கும் அறை, மறுபடி எக்ஸ்ரே அறை. ரோஸ்லின் ஏதோ சொன்னாள். ம் என்றேன். இருபத்தைந்து நிமிடம் கழித்து மங்கையின் அறைக்குள் போனபோது ஸ்ட்ரெச்சர் வந்து நின்றிருந்தது, அவளை அறுவைச் சிகிச்சைக்குத் தூக்கிப் படுக்கவைத்திருந்தார்கள். "எங்கே போயிட்டீங்க?" என்றாள். "கார் நிறுத்த இடம் கிடைக்கல" என்றேன். என் முகத்தைப் பார்த்தாள். சுற்றிச் சுற்றி நடந்து எனக்கு வேர்த்திருந்தது, கார் நிறுத்துகிறவனுக்கு அப்படி வேர்க்காது. சரி என்பதுபோல் கண்ணை மூடித் திறந்தாள். தள்ளிக்கொண்டு போனார்கள். அதற்கப்புறம் அவள் இருந்தது பத்து நாள், பேசினாள், நன்றாகவே பேசினாள், மகளுக்குப் பூரி மாவு பிசையும் பக்குவம் எல்லாம் சொன்னாள். அந்தப் பத்து நாளில் எந்த நாளிலும் நான் அதைத் திருத்திச் சொல்லியிருக்கலாம். சின்னப் பொய்தானே. சின்னதாக இருந்ததால்தான் நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தது.

கண்ணாடிக்கு வெளியே பாதை அகலமானது. புல் விளிம்பு இரண்டு பக்கமும் விலகிக்கொண்டே போயிற்று. ஒரு பாதை காரணம் இல்லாமல் அகலமாகாது, பெரிய பாதை ஒன்றைச் சேரப்போகிறபோதுதான் அகலமாகும். நிற்கவேண்டிய இடத்தில் தரையில் சிவப்பு விளக்கு வரிசை எரியவேண்டும், எரியவில்லை. எரியவில்லை என்றால் இன்னும் அந்த இடம் வரவில்லை என்று அர்த்தம். அல்லது பெயர் மாற்றுகிறவர்கள் இந்தப் பாதையில் விளக்கே இன்னும் போடவில்லை என்றும் அர்த்தம். இரண்டு அர்த்தங்களும் ஒரே மாதிரி இருந்தன, இரண்டிலும் இருட்டான தரைதான். எனக்குப் பணி ஓய்வுக்கு ஐம்பத்தெட்டு நாள் இருந்தது. வழி தப்பிவிட்டது என்று வானொலியில் சொன்னால் அது பதிவாகும், அறிக்கை எழுதவேண்டும், அறிக்கை எழுதினால் விசாரணை முடியும்வரை இரண்டு பேரையும் தரையில் உட்காரவைப்பார்கள், எனக்கு அந்த ஐம்பத்தெட்டு நாளும் அதிலேயே கழிந்துபோகும், கடைசியாகப் பறந்தது எது என்று யாராவது கேட்டால் வழி தப்பிய இந்தக் காலையைத்தான் சொல்லவேண்டும். ரோஸ்லினின் பரீட்சை தள்ளிப்போகும். சொல்லாமல் இன்னும் கொஞ்ச தூரம் போனால் இது கிலோவாகவே இருக்கலாம். இருக்கலாம். கிலோவாக இல்லாவிட்டால் கிளம்புகிறவனின் பாதையில் போய் நிற்போம், அவனுக்கு அந்த மூட்டத்தில் நாங்கள் தெரியமாட்டோம், தெரியும்போது அவனால் ஒன்றும் செய்யமுடியாது. நூற்று எழுபது பேர் இங்கே, அதே அளவு அங்கே. இவ்வளவும் தெளிவாகத் தெரிந்துகொண்டே என் கை சக்கரத்தின்மேல் அப்படியே இருந்தது, கால் அசையவில்லை, ஒரு வார்த்தை சொல்வதற்கு இவ்வளவு களைப்பா என்று ஆச்சரியமாக இருந்தது. ரோஸ்லின் வரைபடத்தின்மேல் விரலை நகர்த்துவதை நிறுத்தியிருந்தாள். விரல் ஒரு இடத்தில் அப்படியே நின்றிருந்தது. கேட்டுக் கேட்டு, இனிக் கேட்டுப் பயனில்லை என்று நிறுத்திய விரல். அதைப் பார்த்ததும் பிரேக்கை அழுத்தினேன்.

விமானம் ஒரு தடவை தலையை ஆட்டிவிட்டு நின்றது. பின்னால் யாருடைய பெட்டியோ சரிந்து விழுந்தது. வானொலியில் பேசுவது அவள் வேலை, தரையில் கேப்டன் திருப்புவான், துணை விமானி பேசுவாள், அதுதான் வழக்கம். அவள் கை பொத்தானுக்குப் போயிற்று. "இரு, நான் பேசறேன்" என்றேன். பேசினால் பதிவில் இருக்கும் குரல் யாருடையதோ அவருடைய தவறாகத்தான் அது காதில் விழும், அது எனக்குத் தெரியும். பொத்தானை அழுத்தினேன். எங்கள் விமானத்தின் எண்ணைச் சொன்னேன். நாங்கள் நின்றுவிட்டோம், என்றேன். நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று எனக்குத் தெரியவில்லை. சொல்லி முடித்ததும் என் குரல் எனக்கே புதிதாக இருந்தது, ரொம்ப நாளாகப் பூட்டியிருந்த அறையில் யாரோ பேசியதுபோல். ஒன்று, இரண்டு, மூன்று வினாடி. திருப்பிச் சொல்ல அவனிடம் எதுவும் இல்லை. பிறகு எங்கள் முன்னாலிருந்து சத்தம் வந்தது. வலது பக்கத்தில் ஆரம்பித்து, பெரிதாகி, இருக்கைக்கு அடியில் எலும்பு வரைக்கும் ஏறி, மூட்டத்துக்குள் ஒரு வெளிச்சம் இழுபட்டுப் போயிற்று, கண்ணாடி நடுங்கியது, இடது பக்கம் போய் மேலே ஏறி இல்லாமல் போயிற்று. எவ்வளவு தூரத்தில் என்று சொல்லமுடியாது. தூரம் சொல்ல அங்கே கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. ரோஸ்லின் நெற்றியில் தொடங்கிச் சிலுவைக்குறி போட்டாள், பாதியில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து போட்டாள்.

பிறகுதான் வானொலியில் அவன் குரல் வந்தது, அவ்வளவு நேரம் இருந்த வேகம் அதில் இல்லை. எல்லோரும் அவரவர் இருக்கும் இடத்தில் நில்லுங்கள், எந்த விமானமும் அசையவேண்டாம், என்றான். பிறகு எங்கள் எண்ணைச் சொல்லி, உங்களைச் சுற்றி என்ன தெரிகிறது என்று கேட்டான். சாக்கு மூடிய ஒரு பலகையும் புல்லும் தெரிகிறது, என்றேன். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது நடுவில் இன்னொரு குரல் வந்தது, வேறு ஏதோ ஒரு விமானம், வடக்கத்திக் குரல், வயதானது. நாங்களும் சொல்லிவிடுகிறோம், என்றது அது. ஆறு நிமிடமாக ஒரு இடத்தில் நிற்கிறோம், அது எக்கோ என்றுதான் உங்களிடம் சொன்னோம், எங்களுக்கும் அது அவ்வளவு நிச்சயமாகத் தெரியவில்லை. "இன்னும் ரெண்டு நிமிஷம் விட்டா வரிசையா எல்லாரும் கையைத் தூக்கிருவாங்க போல சார்" என்றாள் ரோஸ்லின். சிரிக்கப் பார்த்தாள், உதடு ஒத்துழைக்கவில்லை.

பயணிகளுக்குச் சொல்லவேண்டும். தொழில்நுட்பக் காரணம் என்று ஒன்று உண்டு, எல்லாவற்றுக்கும் அதைச் சொல்லலாம். மைக்கை எடுத்து, மூட்டத்தில் நான் வழி தவறிவிட்டேன், வழிகாட்ட வண்டி வருகிறது, அதுவரை எழுந்திருக்காதீர்கள் என்றேன். கால் மணி நேரம் கழித்து மஞ்சள் விளக்கு சுழல ஒரு ஜீப் வந்தது, எங்கள் மூக்குக்கு முன்னால் வந்து நின்றது. காதுவரை மப்ளர் சுற்றிய ஒரு ஆள் இறங்கினார். எங்களைப் பார்க்கவில்லை. எங்கள் முன் சக்கரத்தின் பக்கத்தில் போய் நின்று, அங்கிருந்து முன்னால் நடந்தார், குதிகாலும் விரலுமாக ஒட்டி ஒட்டி வைத்து, நிலம் அளப்பதுபோல். இன்னும் வெகுதூரம் போவார் என்று நினைத்தபோதே நின்றுவிட்டார். தரையைப் பார்த்தார். எங்கள் மூக்கு மறைத்த அந்த இடத்தில் நிற்கவேண்டிய கோடு இருந்திருக்கவேண்டும். திரும்பி மேலே எங்களைப் பார்த்து இரண்டு கையையும் விரித்துக் காட்டினார், பத்து விரலும் ஒரு தடவை, ஐந்து விரல் இன்னொரு தடவை. பதினைந்து அடி. கோட்டுக்கு இந்தப் பக்கம். "தாண்டல சார்" என்றாள் ரோஸ்லின், மூச்சோடு மூச்சாக. ஆமாம், தாண்டவில்லை. தாண்டாததால், அவள் சந்தேகத்தைச் சொன்னதை அறிக்கையில் எழுதாமல் விட்டாலும் ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்ற யோசனை எனக்கும் வந்தது, அவளுக்கும் வந்திருக்கும், அவள் என் முகத்தைப் பார்க்காமல் வரைபடத்தை மடித்துக்கொண்டிருந்தாள்.

ஜீப்பின் பின்னால் போய்க் கட்டடத்தின் பக்கம் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, கடைசிப் பயணியும் இறங்கிப் போனபிறகு, அறிக்கைத் தாளை எடுத்தேன். போகிறபோது ஒரு அம்மா கதவோரம் நின்று, வழி தெரியலன்னு சொன்னதுக்கு நன்றிங்க என்று சொல்லிவிட்டுப் போனதாகப் பணிப்பெண் வந்து சொன்னாள், கிண்டலா நிஜமா என்று அவளுக்கும் தெரியவில்லை. தாளைத் தொடையில் வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தேன். தவறான பாதையில் திரும்பியது கேப்டன். அடுத்த வரியை எழுதுவதற்கு முன்னால் ரோஸ்லினுக்கும் கேட்கட்டும் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினேன். "துணை விமானி ரெண்டு தடவை சந்தேகத்தைச் சொன்னார், கேப்டன் நிற்கவில்லை." அவள் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்துகொண்டிருந்தவள் நிறுத்தினாள். "மூணு தடவை சார்" என்றாள். மூன்றாவது எது என்று யோசித்தேன். எனக்கு ஞாபகம் இல்லை, நான் ம் என்று சொன்ன ஒன்றாக இருக்கவேண்டும். இரண்டை அடித்துவிட்டு, மேலே, தெளிவாகத் தெரிகிறமாதிரி, மூன்று என்று எழுதினேன்.